ஒரே பிட்டு, வேற பாட்டா?

ஒரே டிஜிட்டல் பாட்டுக்கு ரெண்டு பிரதி. ஒலியில ஒரு பிட்டு கூட மாறலை. அப்புறமும் ரெண்டும் வேற வேற மாதிரி கேக்குமா? "ஒண்ணும் பூஜ்யமும் எங்க போனாலும் ஒண்ணும் பூஜ்யமும்தானே"ன்னு பொட்டி தட்டுற நாமெல்லாம் சிரிப்போம். அவ்ளோ சீக்கிரம் சிரிச்சிடாதீங்க மக்களே :-)

எங்க சித்தப்பா ஒரு பாட்டுப் பைத்தியம். சீடி எல்லாத்தையும் ஃப்ளாக் ஃபைலா மாத்தி வெச்சிருக்கார். "டேய், பென் டிரைவ்ல வயலின் உயிரோட இருக்குடா. லேப்டாப் டிஸ்க்ல அதே பாட்டு செத்துக் கெடக்கு"ன்னார். பாட்டுக்குன்னே விக்கிற ஸ்பெஷல் டிஸ்க் வாங்க பென்ஷன் பணத்துல 20,000 ரூபாய் எடுத்து வெச்சாச்சு. சித்திக்கோ அவர் காது மேலயே சந்தேகம். "காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போப்பா"ன்னாங்க.

ஃப்ளாக் ஃபைலுக்குள்ள, ஒலிக்கு மட்டும் எம்டி5னு ஒரு கைரேகை பதிஞ்சிருக்கும். ரெண்டு பிரதியிலயும் பாத்தேன், அச்சு அசல் ஒண்ணு. ஆனா நான் கேட்டப்பவும் லேப்டாப் பிரதி கொஞ்சம் டல்தான்!

விஷயம் டேக்ல இருந்துச்சு. பாட்டுப் பேர், பாடினவர் பேர் இருக்கிற இடத்துலயே 'ரீப்ளேகெயின்'னு ஒரு குறிப்பு. "இந்தப் பாட்டை இவ்ளோ சத்தம் கொறச்சுப் போடு"ன்னு பிளேயருக்கு எழுதின துண்டுச் சீட்டு மாதிரி. லேப்டாப்ல இருந்த மென்பொருள் அதை ஒட்டி வெச்சிருக்கு. பிட்டு மாறலை, சத்தம் மட்டும் 2 டெசிபெல் கம்மி. இந்த மாதிரி சின்ன வித்தியாசத்தை நம்ம மூளை பல நேரம் 'சத்தம் கம்மி'ன்னு எடுத்துக்காம 'தரம் கம்மி'ன்னு எடுத்துக்குது. சத்தம் கொறஞ்சா பேஸ் இன்னும் அதிகமா மங்குறதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே அளந்து காட்டிட்டாங்க.

டேக்கை எடுத்துட்டு, அவருக்குப் பின்னாடி உக்காந்து, காசு சுண்டி 16 தடவை போட்டேன். 12 சரியாச் சொன்னா நம்பலாம். குருட்டாம்போக்குல 12ஐத் தொட 4 சதவீதத்துக்கும் கம்மியான வாய்ப்புதான். சித்தப்பா வாங்கினது 7. சித்தியைக் கூப்பிட்டு, "இவர் காது நல்லாத்தான் இருக்கு, முதல்ல கேட்ட வித்தியாசம் நெசம்"னேன். மனுஷன் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

பிட்டுக்கும் காதுக்கும் நடுவுல பிளேயர் இருக்கு, 44,100ஐ 48,000 ஆக்குற மிக்ஸர் இருக்கு, டிஏசி இருக்கு, கடைசியா மூளையும் இருக்கு. உங்க வீட்டுலயும் யாராவது "வேற மாதிரி கேக்குது"ன்னா கிண்டல் பண்ணாதீங்க. முதல்ல வால்யூமைச் சமமாக்குங்க, அப்புறம் கண்ணை மூடிக் கேக்கச் சொல்லுங்க. பர்ஸைத் திறக்குறதெல்லாம் அதுக்கப்புறம்.