கதை வகுப்பு

பத்திரிகையில் பாடம் நடத்திக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்த நாடு எங்களுடையது. 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ தொடங்கினார்கள். அப்போது மலாயாவில் அவசரகாலம். 1948 ஜூன் 16இல் எங்கள் பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து வந்தது அது. வெளியே ஊரடங்கு, சோதனை. உள்ளே யாரோ ஒரு தோட்டத்து வாத்தியார் மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து, கதையை எங்கே தொடங்குவது என்று பாடம் படித்திருப்பார். நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது. 1952இல் தமிழ்நாட்டுச் சிறுகதைக்காரர் கு. அழகிரிசாமியே நேசனுக்கு வேலைக்கு வந்து 1957 வரை இருந்தார். கதை அனுப்பினால் அழகிரிசாமி கண்ணில் படும்! வேறென்ன வேண்டும்?

நான் எழுத வந்தபோது அந்த வகுப்பும் இல்லை, அந்த வாத்தியார்களும் இல்லை. அச்சு வார்ப்புகள் மட்டும் மிச்சமிருந்தன. தோட்டத்துக் கதை என்று உட்கார்ந்தால் பேனா தானாக ஓடும். குடிகாரத் தகப்பன், கொடுமைக்காரக் கங்காணி, கணக்கெழுதும் கிராணியிடம் ஏமாந்த பெண், கடைசிப் பக்கத்தில் ஒரு சாவு. ஒரே ராத்திரியில் முடிந்துவிடும், சமயத்தில் பரிசும் கிடைக்கும். மறுநாள் படித்துப் பார்த்தால் நாங்கள் குடியிருந்த லயம் அதில் இருக்காது. இந்தக் கொடுமைகள் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. நடந்ததைக்கூடக் கேள்விப்பட்டது போலத்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை எழுதப் பார்த்தேன். (பால்வெட்டையும் எழுத்தையும் ஒப்பிட்டு மேடையில் பேசாதவர் எங்கள் பக்கம் கிடையாது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.) இருட்டிலேயே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. தலையில் விளக்கு, இடுப்பில் தகர டப்பாவுக்குள் புகையும் கொசுவத்தி. என் பத்தியில் மரத்தடிக்கு வந்ததும் உளிதான் முதலில் மின்னியது. எத்தனை முறை மாற்றினாலும் பத்தி உயிரில்லாமல் கிடந்தது. உண்மையில் அம்மா முதலில் செய்வது அதுவல்ல. முந்தைய வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்து இடுப்புப் பையில் போடுவார். பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைப்பார். அப்புறம்தான் உளி. ஒட்டுப்பாலை நிறுத்துத் தனிக்காசு கொடுப்பார்கள், அதனால் அதில் அவருக்குக் கண். அந்த வரிசை சரியாக விழுந்த சாயங்காலம், கதைக்குள் இருந்த பொம்பளை தானாகவே பேச ஆரம்பித்தாள். பக்கத்து நெரையில், அடுத்த மர வரிசையில், வெட்டுகிறவள் தன் ஒட்டுப்பாலைத் திருடிவிட்டாளாம். அதற்குமேல் என்னை எதுவும் கேட்கவில்லை, சண்டை போட்டுக்கொண்டே போனாள். யாரும் சாகாமல் கதை முடிந்தது. எழுதுகிறவனுக்குச் சம்பளம் என்று ஒன்று உண்டென்றால் அந்த ஒரு மணி நேரம்தான்.

மிச்சமெல்லாம் பிடித்தம். பத்திரிகையில் அது வந்தபோது கடைசியில் இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் எழுதாத அழுகை. பிறகு சொந்தக் காசில் புத்தகமாகப் போட்டேன், என் முடிவோடு. ஈப்போவில் வெளியீடு. குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, பொன்னாடை. முதல் நூலை டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் பெற்றுக்கொண்டு பண உறையை நீட்டினார். வாழ்த்திப் பேசியவர்களில் ஒருவர் கதைத் தலைப்பையே மாற்றிச் சொன்னார். சிரிப்பதற்கில்லை. அந்த உறைகள் இல்லாவிட்டால் இங்கே எத்தனையோ தமிழ்ப் புத்தகங்கள் அச்சாகியே இருக்காது. ஆனால் உறை கொடுத்த கை புத்தகத்தைப் பிரித்ததா என்று மட்டும் கேட்கக் கூடாது.

இதே ஈப்போ 2008இல் உலகத்துக்கே நாவலாகப் போனது, ஆங்கிலத்தில். இங்கே வளர்ந்த பிரீதா சமரசன் எழுதிய ‘ஈவினிங் இஸ் தி ஹோல் டே’. அந்தத் தலைப்பு ஏ. கே. ராமானுஜனின் மொழிபெயர்ப்பு வழியாகக் குறுந்தொகையிலிருந்து வந்தது. நம் வீட்டுப் பண்டம் ஊரைச் சுற்றி நம் வாசலுக்கு வந்த மாதிரி. பொறாமையோடுதான் படித்தேன். படித்து முடித்ததும் எழுத உட்கார்ந்தேன், அதையும் சொல்ல வேண்டும்.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. எங்கள் தீம்பார், அந்த ரப்பர் தோட்டம், இப்போது செம்பனை.

போன வருடம் ஈப்போ புந்தோங் மார்க்கெட்டில் ஒரு வயசான அம்மா என்னை மறித்தார். மகள் வீட்டில் என் புத்தகம் கிடந்ததாம்.

“தம்பி, ஒட்டுப்பாலத் திருடுனது அவ இல்ல, அவ நாத்தனா. பாவம், அவ மேல பழியப் போட்டுட்டீங்க.”

“அது கற்பனைம்மா,” என்றேன்.

“என்ன கற்பனை? நான் அங்கதான வேல செஞ்சேன்” என்று காய்கறிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.