விரல் பட்டுத் தேய்ந்த ஊர்

அறையில் வெளிச்சம் குறைவு. சாயம் இன்னும் வெளுத்துவிடக் கூடாது என்று விளக்குகளை அடக்கி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஹெரெஃபோர்டு பேராலயத்தில், கண்ணாடிக்குப் பின்னால், ஒரே கன்றின் தோலில் உலகம் தொங்குகிறது. 1300-ஆம் ஆண்டை ஒட்டி வரைந்த உலகப்படம் இது. உயரம் 159 சென்டிமீட்டர், அகலம் 134.

உள்ளே நுழைபவர்கள் எல்லோரும் முதலில் கழுத்தைச் சாய்க்கிறார்கள். கிழக்கு மேலே இருக்கிறது; வடக்கு இடக்கைப் பக்கம். நடுவில் எருசலேம். உச்சியில் ஏதேன் தோட்டம். அதற்குச் சற்றுக் கீழே இந்தியா. அங்கே ஒற்றைக்கால் மனிதன் ஒருவன் தன் பாதத்தையே தலைக்கு மேல் குடையாகப் பிடித்திருக்கிறான். பள்ளிச் சிறுவன் ஒருவன் அவனைக் கண்டு சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்துப் பையனை முழங்கையால் இடிக்கிறான். செங்கடலுக்குச் சிவப்பு மையே பூசியிருக்கிறது.

உயரமான ஒருவர் மனைவியிடம் குற்றப்பட்டியல் வாசிக்கிறார். ஐரோப்பாவின் மேல் ‘ஆப்பிரிக்கா’ என்றும், ஆப்பிரிக்காவின் மேல் ‘ஐரோப்பா’ என்றும் பொன்னெழுத்தில் பெரிதாக எழுதியிருக்கிறதாம். உண்மைதான். (எழுதியவர் கண்ணயர்ந்திருப்பாரோ?) ஆனால் இதைப் பார்த்து யாரும் வழிநடக்கப் போவதில்லை, வரைந்தவரின் எண்ணமும் அதுவல்ல. நோவாவின் பேழை, பாபேல் கோபுரம், கிரீட் தீவின் சுற்றுவழி மாளிகை, அவர் காலத்து நகரங்கள் எல்லாம் ஒன்றாக நிற்கின்றன. கோயில் சுவரில் தலபுராணம் தீட்டியதுபோல, நடந்தது எல்லாமே ஒரே நேரத்தில் நடக்கிறது. அளவுகோலோடு வந்து இதைத் திருத்துவது வீண்வேலை.

முதிய பெண்மணி ஒருவர் கண்ணாடிக்கு முகத்தை ஒட்டித் தேடுகிறார். இங்கிலாந்து கிடைத்துவிட்டது, இடது கீழோரத்தில், இடம் போதாமல் வளைந்து கிடக்கிறது. ஹெரெஃபோர்டுதான் அகப்படவில்லை. அகப்படுவது கஷ்டம். கண்ணாடி இல்லாத நாட்களில் வந்தவர்கள் நம் ஊர் இதுதான் என்று தொட்டுத் தொட்டே, அந்த ஊர் ஏறக்குறைய அழிந்துபோயிருக்கிறது.

1988-இல் பணமுடை தாங்காமல் பேராலயமே இதை விற்க முனைந்தது. எதிர்ப்புக் கிளம்பியது; நன்கொடை சேர்ந்தது; படம் ஊரிலேயே தங்கியது. இதைவிடப் பெரியதான ஜெர்மனியின் எப்ஸ்டார்ஃப் உலகப்படம் 30 ஆட்டுத்தோல்களை இணைத்து வரைந்தது. 1943-இல் ஹனோவரில் விழுந்த குண்டுகளில் அது எரிந்துபோயிற்று. இன்று அதற்கு நகல்கள் மட்டுமே உண்டு.