கரையேறிய மாதம்

மே மாதத்தில் நாகப்பட்டினத்துக்குப் பயணம் என்றதும் நம் பங்கில் சிலர் நகைத்தனர். வேளாங்கண்ணிக்குச் செல்வோர் ஆகஸ்டு இறுதியில், கொடியேற்றத்துக்குச் செல்வர். அக்கினி வெயிலில், உப்புக் காற்றில், காண்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. நமக்கு வந்த அஞ்சலட்டையே அதற்கு விடை. நாகையில் கணித ஆசிரியராகப் பணிபுரியும் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: "இந்த விடுமுறையில் நான் மாணவனாகச் சேர்ந்திருக்கிறேன். மந்தமான மாணவன். வந்து பார்க்கவும்." இக்காலத்திலும் அஞ்சலட்டை எழுதும் மனிதர் அவர். ஓய்வு பெற மூன்றே ஆண்டுகள் இருக்கின்றன.

தஞ்சையில் ரயில் ஏறித் திருவாரூர் வழியாகச் சென்றோம். சம்பா அறுவடையும் அதன்பின் உளுந்து, பயறு எடுப்பும் முடிந்து வயல்கள் வெடித்துக் கிடந்தன. ஆங்காங்கே ஆட்டுக்கிடை. நீர் ஓடவேண்டிய வாய்க்கால்களில் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கித் தூர் வாரிக்கொண்டிருந்தன. ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. ஆயினும், கடைமடையாகிய நாகைப் பகுதிக்கு அந்த நீர் வந்து சேரப் பல நாட்களாகும். வாய்க்கால் தூர்ந்திருந்தால் வந்து சேராமலும் போகும். ஆகவே கோடையில் இந்நாடு உறங்குவதில்லை. நீர் வருமுன் செய்து முடிக்கவேண்டிய வேலைகளை எல்லாம் செய்கிறது.

நாகை நகரமே பழுது பார்க்கும் கலையில் பழகிய ஊர்தான். தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தது. 1928இல் அது திருச்சிப் பொன்மலைக்குப் போயிற்று. அதற்கு முன்பே, இயேசு சபையினர் 1844இல் இவ்வூரில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி, 1883இல் அதே திருச்சிக்குப் பெயர்ந்தது. வளர்த்து ஆளாக்கித் திருச்சிக்குத் தாரை வார்ப்பதே நாகையின் தலையெழுத்து போலும்! நாம் இதைச் சொன்னபோது, நிலையத்துக்கு வந்திருந்த நண்பர் விட்டுக்கொடுக்கவில்லை. "மறைமலையடிகள் 1876இல் பிறந்தது இந்த ஊரில்தான், ஃபாதர். பள்ளிக்கூடம் வெஸ்லியன் மிஷன் பள்ளி. ஆனால் தமிழைக் கற்றுக்கொண்டது புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம். இங்கே பள்ளிக்கு வெளியேதான் படிப்பு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு கண்களுக்கு ஏறவில்லை என்பதை நாம் அப்போது கவனிக்கவில்லை.

நண்பரின் தாயார் கீழ்வேளூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பழைய நாட்டு ஓட்டு வீட்டில் தனியே வாழ்கிறார். சென்ற மழைக்காலத்தில் ஒழுகாத இடம் தேடிக் கட்டிலை நான்கு முறை நகர்த்தினாராம். மகன் கான்கிரீட் போட்டுவிடலாம் என்றார். அம்மையார், "என் காலத்துக்கு ஓடு போதும்" என்றுவிட்டார். ஓடு மாற்றத் தெரிந்தவர் அவ்வட்டாரத்தில் ஒரே ஒரு முதியவர். அவரால் இப்போது ஏணி ஏற இயலாது. ஆகவே அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து கட்டளையிட, நம் ஆசிரியர் மேலே ஏறினார். உளுத்த வரிச்சல்களை நீக்கிப் புதியன அடித்தார். இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து பழைய ஓடுகளைத் தேடி வாங்கினார். ஒவ்வோர் ஓட்டையும் விரலால் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்றால் கூரைக்கு, சத்தம் செத்திருந்தால் குப்பைக்கு. பன்னிரண்டு நாட்களில் வேலை முடிந்ததாம். நாம் சென்றபோது அம்மையார் நம்மைக் கூடத்தில் நிறுத்தி, "ஒரு பொட்டு வெளிச்சமாவது தெரியுதா, பாருங்க சாமி" என்று கூரையைக் காட்டினார். தெரியவில்லை.

ஆனால் நண்பர் மாணவரானது கூரையின்மேல் அன்று. கொல்லையில் அம்மையார் கத்தரியும் வெண்டையும் பயிரிட்டிருக்கிறார். ஆடுகளுக்கு வேலி உண்டு. மயில்களை என்ன செய்வது? மேலே பழைய மீன்வலையை விரித்துக் கட்டிவிடலாம் என்று யாரோ சொல்ல, வலை தேடி நாகைத் துறைமுகத்துக்குப் போனார் ஆசிரியர். அங்கேதான் கதை தொடங்குகிறது.

கடுவையாறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கிறது அத்துறைமுகம். கிழக்குக் கரையில் கோடைக்கால மீன்பிடித் தடை 2001 முதல் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் 61 நாட்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்கள் இனம்பெருகும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. பள்ளிக்கூட விடுமுறையும் படகுகளின் விடுமுறையும் இப்படி ஒன்றாக வாய்த்திருப்பது நமக்கு வியப்பாக இருந்தது. கரையேற்றிய படகுகளின் அடிப்புறத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவோர், பலகை மாற்றுவோர், வண்ணம் பூசுவோர், இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு எண்ணெயில் கழுவுவோர் என்று எங்கும் வேலை. நிழல் கண்ட இடமெல்லாம் வலை.

வலை கேட்டு வந்தவரை ஒரு மீனவர் எழுந்து நின்று, "சார்!" என்றார். எட்டாம் வகுப்பில் இவரிடம் படித்தவர். 2004க்குப் பிறகு ஆசிரியர் அவரைப் பார்த்ததில்லை. பழைய வலை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். "கிழிசல் நிறைய இருக்கு சார். மயில் பூந்துரும். உக்காருங்க, சொல்லித் தர்றேன்" என்றார். அன்று முதல் பத்து நாட்கள், காலை ஏழு மணிக்கு, நம் நண்பர் கடற்கரை மணலில் மாணவர்.

நாமும் அருகிருந்து கண்டதால் சொல்கிறோம்: வலை பொத்துவது எளிய வேலையன்று. துணியைப் போல் கிழிசலை இழுத்துத் தைத்தால் வலை சுருங்கிப் பாழாகும். முதலில் கத்தியால் கிழிசலை இன்னும் பெரிதாக்க வேண்டும். பிய்ந்து தொங்கும் நூல்களையெல்லாம் வெட்டி, முடிச்சு உறுதியாக உள்ள இடம் வரை போய், அங்கிருந்து ஒவ்வொரு கண்ணாகப் புதிதாகப் பின்னிக்கொண்டு வரவேண்டும். எங்கே தொடங்கினால் எங்கே முடியும் என்பதை வெட்டும்போதே அறிந்திருக்க வேண்டும். நூல் சுற்றிய ஊசி ஒரு கையில். கண்ணின் அளவு மறுகை விரல்களில். ஆசிரியர் போட்ட முடிச்சுகள் நழுவின. அவர் பின்னிய கண்களில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மூன்றாம் நாள் ஊசியை மணலில் எறிந்தாராம். மாணவராயிருந்த அந்த ஆசான் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து, மணலைத் தட்டி, மறுபடியும் நூல் சுற்றிக் கொடுத்தாராம்.

வலையைக் கயிற்றில் கட்டும் கணக்கு இன்னும் நுட்பமானது. இழுத்துப் பிடித்தால் நூறு பாகம் நீளும் வலையை ஏறக்குறையப் பாதி நீளக் கயிற்றில்தான் கட்டுவார்கள். அப்போதுதான் கண்கள் விரிந்து நிற்கும். வலைக்கேற்ப, மீனுக்கேற்ப, இந்த விகிதம் மாறும். ஒரு சாண் கயிற்றுக்கு எத்தனை கண் என்பதை அந்த மீனவர் தாளும் பேனாவும் இன்றிச் சொல்லிக்கொண்டே கட்டினார்.

ஐந்தாம் நாள், வியந்துபோன ஆசிரியர் சொல்லியிருக்கிறார்: "தம்பி, அந்த அலை மட்டும் வராமல் இருந்திருந்தால் நீ எங்கேயோ போயிருப்பாய்."

2004 டிசம்பர் 26ஐ நாகையில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. இம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருடைய தந்தையும் அவர்களுள் ஒருவர். சனவரியில் பள்ளி திறந்தபோது வகுப்பில் காலியாக இருந்த இடங்களுள் ஒன்று இவருடையது. ஆழிப்பேரலை ஒரு மாணவனை நம்மிடமிருந்து பறித்தது என்று ஆசிரியர் பல கூட்டங்களில் உருக்கமாகப் பேசியதுண்டு. நாமே ஒருமுறை கேட்டிருக்கிறோம்.

மீனவர் வலையிலிருந்து தலை நிமிரவில்லையாம். "அலை டிசம்பர்ல வந்துச்சு சார். நான் அக்டோபர்லயே நின்னுட்டேன். விகிதக் கணக்குப் போடச் சொன்னீங்க. தெரியல. 'உன் தலையில இருக்கிறது கடல் தண்ணிதான்'னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் அப்பாகூட கடலுக்குப் போயிட்டேன்."

அன்றிரவு தாயார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நண்பர் இதை நமக்குச் சொன்னார். மின்சாரம் போயிருந்தது, முகம் தெரியவில்லை. "எனக்கு நினைவே இல்லை, ஃபாதர். அப்படிச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. இருபது ஆண்டுகளாகக் கடல்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்" என்றார். மன்னிப்புக் கேட்பதா, அல்லது அவரே பெருந்தன்மையாக விட்டுவிட்டதைக் கிளறாமல் இருப்பதா என்று நம்மிடம் கேட்டார். ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து பழகிய நமக்கு உடனே விடை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறைக்கல்வி வகுப்பில், பீடச் சிறுவரிடத்தில், நாம் உதிர்த்து மறந்த சொற்கள் எந்தெந்த வீடுகளில் இன்னும் கிடக்கின்றனவோ என்று எண்ணியபடி நெடுநேரம் விழித்திருந்தோம். "கிழிசலை முதலில் பெரிதாக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்று மட்டும் விடியற்காலையில் சொன்னோம்.

மறுநாள் இருவரும் துறைமுகம் சென்றோம். மீனவரின் மகள் தூக்குப்பாத்திரத்தில் தேநீர் கொண்டுவந்திருந்தாள். ஜூனில் எட்டாம் வகுப்பு. நண்பரின் பள்ளிதான் அருகில் உள்ளது. ஆயினும் தொலைவிலுள்ள வேறொரு பள்ளியில் சேர்க்கத் தந்தை விசாரித்து வந்தார். காரணத்தை யாரும் கேட்கவில்லை.

ஆசிரியர் அந்தச் சிறுமியின் முன்னிலையிலேயே பேசினார். "தம்பி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. நினைவில்லை என்பது அதைவிடப் பெரிய தப்பு. மன்னித்துக்கொள்."

மீனவர் சற்று நேரம் பேசவில்லை. அருகிலிருந்த படகில் சுத்தியல் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. பிறகு அவர் ஊசியைத் தூக்கிப் பார்த்து, "நூல் தீர்ந்துபோச்சு சார். சுத்துங்க" என்று நீட்டினார். ஆசிரியர் வாங்கிச் சுற்றத் தொடங்கினார். சிறுமி அவர் சுற்றுவதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தேநீரில் நமக்கும் ஒரு குவளை கிடைத்தது. அதற்குமேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. மதிய ரயிலுக்கு நாம் புறப்பட்டுவிட்டோம்.

ஜூன் மாதக் கடைசியில் அடுத்த அஞ்சலட்டை வந்தது. முதல் மழைக்குக் கூரை ஒழுகவில்லையாம். கொல்லையில் வலை ஏறிவிட்டது. ஆனாலும் ஒரு மயில் உள்ளே வந்து வெண்டையைத் தின்றுவிட்டதாகவும், எந்தக் கண் வழியாக வந்தது என்பதை அம்மாதான் கண்டுபிடித்ததாகவும், அது தாம் பின்னிய கண் என்றும் எழுதியிருந்தார். 14ஆம் நாள் நள்ளிரவில் தடை முடிந்து படகுகள் புறப்பட்டபோது கரையில் நின்று கையசைத்தாராம். எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில், மூன்றாம் வரிசையில், சன்னலோரத்தில் அந்தச் சிறுமி அமர்ந்திருக்கிறாள். ஊசியில் நூல் சுற்ற மட்டும் தமக்கு இன்னும் கை வரவில்லை என்று அட்டையின் ஓரத்தில், இடம் போதாமல், நெருக்கி எழுதியிருக்கிறார்.