மான் மேயும் ஒன்றரை ஏக்கர்

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியதும் எல்லோரும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டுக்கொண்டேன். ஆனால் இந்தத் தடவை நேரே மலைக்குப் போகவில்லை. "முதல்லே வீட்டுக்கு வாங்க அண்ணி, ஒரு பஞ்சாயத்து இருக்கு" என்று என் நாத்தனார் போனில் சொல்லியிருந்தாள். நாத்தனார் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால் எந்த அண்ணிக்குத்தான் வயிற்றைக் கலக்காது? முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அம்மையார்குப்பம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம்தான். நாம் பேசுவது நமக்கே கேட்காது. அந்த ஊர்ப் பெண்களோ அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே எதிர் வீட்டோடு சாவகாசமாகக் குசலம் விசாரிக்கிறார்கள். தமிழில் ஆரம்பிக்கும் பேச்சு தெலுங்கில் முடிகிறது. இதில் அதிசயம் இல்லை. 1960 ஏப்ரல் 1-ம் தேதிக்கு முன்னால் திருத்தணி வட்டாரம் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ம. பொ. சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டமும், படாஸ்கரின் சிபாரிசும் சேர்ந்துதான் அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தன. நாத்தனாரின் மாமனார் வாங்கிய நிலத்தின் பத்திரம்கூடத் தெலுங்கில்தான் இருக்கிறது. அந்தப் பத்திரம் கூடத்துப் பாயில் விரித்துக் கிடந்தது. பஞ்சாயத்து அதைப் பற்றித்தான்.

குன்றின் அடிவாரத்தில், காப்புக் காட்டை ஒட்டி, ஒன்றரை ஏக்கர் வானம் பார்த்த பூமி. ஆடியில் வேர்க்கடலை விதைப்பார்கள். முளை இரண்டு இலை விட்டதும் ராத்திரி புள்ளிமான்கள் இறங்கிவிடும்.

"மானாவாரி நிலம்னு சும்மாவா பேரு வச்சாங்க? மான் வாரிக்கிட்டுப் போற நிலம்மா இது" என்றார் நாத்தனாரின் கணவர். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவது வழக்கம். சிரித்துக்கொண்டே சொன்னாரே தவிர, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பகலில் தறி, ராத்திரியில் பரண். வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

சாயங்காலம் என்னையும் அழைத்துப் போனார். பாதிக் கடலை பிடுங்கியாகிவிட்டது. மீதியில் ஓரத்து வரிசைகளைப் பார்த்தால், யாரோ கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் கொழுந்தெல்லாம் மொட்டை. ஈர மண்ணில் இரட்டைக் குளம்படிகள். பன்றியானால் வேரோடு தோண்டிவிடுமாம். மான் கொழுந்தை மட்டும் நாகரிகமாகக் கிள்ளும். நஷ்டம் என்னவோ நஷ்டம்தான். பரண் மேலே ஒரு பழைய எண்ணெய்த் தகரமும் ஒரு குச்சியும் இருந்தன. ஆயுதம் அவ்வளவுதான். கண்ணி வைத்தாலும், காயப்படுத்தினாலும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டைதான். ஜெயிலுக்குப் போக வேண்டும். பயிர் அழிந்தால் காட்டிலாகாவுக்கு நிவாரண மனுப் போடலாம். ஒரு தரம் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் ஒரு பையன் அமெரிக்கச் சேதி ஒன்றை இவர் காதில் போட்டிருக்கிறான். அங்கே நிலச் சொந்தக்காரர்கள் தங்கள் நிலத்தை ராஜாங்கத்தின் மான் நிர்வாகத் திட்டத்தில் பதிவு செய்துகொள்கிறார்களாம். "நாமும் அப்படி எழுதி வச்சுட்டா என்ன? மானும் பிழைக்கும், நானும் ராத்திரி தூங்குவேன்" என்று அண்ணா கிளம்பிவிட்டார்.

பையன் சொன்னது நிஜம். வர்ஜீனியா, பென்சில்வேனியா, மிஸிஸிபி போன்ற மாகாணங்களில் அப்படி ஒரு திட்டம் உண்டு. ஆனால் அதன் நோக்கமே வேறு. 1900-ம் வருஷ வாக்கில் சில லட்சமாகக் குறைந்துபோன வெள்ளைவால் மான் அங்கே இப்போது சுமார் மூன்று கோடியாகப் பெருகிக் கிடக்கிறது. அதனால், பதிவு செய்த நிலத்துக்காரருக்கு இத்தனை பெண்மான்களைச் சுடலாம் என்று சீட்டுக் கொடுக்கிறார்கள். சில மாகாணங்களில் சுட்ட மானை எடை போட வேண்டும். பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பதற்காகக் கீழ்த்தாடை எலும்பைக் கழற்றி வைக்க வேண்டும். இதை நான் சொன்னதும் நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டாள். "வள்ளி பிறந்த குலத்தையா? முருகா!"

அவள் பதறியதில் நியாயம் இருக்கிறது. சிவமுனிவரின் பார்வையால் ஒரு மான் ஈன்ற குழந்தைதானே வள்ளி! வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்தவளை வேடர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்த்தான். அது நடந்ததாகச் சொல்லும் வள்ளிமலை, சோளிங்கர் தாண்டி மேற்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்யாணம் நடந்ததோ இந்தத் தணிகையில். மான் வயிற்றில் பிறந்த பெண்ணுக்குக் கிடைத்த வேலை என்ன? பரண் மேலே நின்று தினைப்புனம் காப்பது! நாடக மேடையில் வேடனாக வரும் வேலன், "இந்தப் பக்கம் மான் வந்ததா?" என்று அவளிடமே விசாரிப்பான். சிறு வயதில் கைதட்டிச் சிரித்திருக்கிறேன். அண்ணாவின் பரணைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 2002-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது 36-சி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு சமூகமோ, தனி மனிதரோ தாமாக முன்வந்தால், அவர்கள் நிலத்தை மாநில சர்க்கார் 'சமுதாயக் காப்பகம்' என்று அறிவிக்கலாம். 2022-ம் வருஷத் திருத்தப்படி, தனியார் நிலமானால் அதை நிர்வகிக்கும் குழுவில் சொந்தக்காரர் இருப்பார். வன இலாகாவின் பிரதிநிதியும் பஞ்சாயத்தின் பிரதிநிதியும் இருப்பார்கள். இதுவரைக்கும் கேட்டதும் அண்ணாவின் முகம் மலர்ந்தது. அடுத்த வரியையும் சொல்லித்தானே ஆக வேண்டும்? அறிவிப்பு வந்த பிறகு, குழுவின் தீர்மானமும் சர்க்காரின் சம்மதமும் இல்லாமல் அந்த நிலத்தின் உபயோகத்தை மாற்ற முடியாது.

"அப்போ விக்கக் கூடாதா, அண்ணி?"

"விற்கக் கூடாதுன்னு அந்தப் பிரிவு சொல்லலை. ஆனா வீடு கட்டவோ மனை போடவோ முடியாத இடத்தை யார் வாங்குவா?"

நாத்தனார் பத்திரத்தை மெதுவாக மடிக்க ஆரம்பித்தாள். இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஒருத்தி படிக்கிறாள். குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லிருந்தே சட்டம். "அவங்களைக் கேட்காம மானுக்கு எழுதிக் கொடுக்க நீங்க யாரு?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டாள். மனுஷர் வாயைத் திறக்கவில்லை. நானும் சும்மா இருந்திருக்கலாம். படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத சுபாவம் எனக்கு. அபோஹரைப் பற்றிச் சொன்னேன்.

பஞ்சாப்பில் உள்ள அபோஹர் சரணாலயத்தில் சர்க்கார் காடு என்று சொல்ல ஒன்றுமில்லை. பிஷ்னோய் மக்களின் 13 கிராமங்கள், சுமார் 186 சதுர கிலோமீட்டர், எல்லாம் குடியானவர்களின் சொந்த வயல்கள். வெளிமானைக் காக்க வேண்டும் என்று அவர்களே விரும்பியதால் 1988-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இவர்கள் 1730-ல் ஜோத்பூருக்குப் பக்கத்தில், கேஜர்லி கிராமத்தில், வன்னி மரங்களை வெட்ட வந்த ராஜாவின் ஆட்களைத் தடுத்து 363 பேர் உயிரைக் கொடுத்த குலத்தினர். முதலில் மரத்தைக் கட்டிக்கொண்டவள் அம்ருதா தேவி என்ற பெண். தாயை இழந்த மான்குட்டிக்குத் தம் பாலையே கொடுக்கும் தாய்மார்கள் அந்தக் குலத்தில் உண்டு. அப்பேர்ப்பட்ட இடத்திலும் என்ன ஆயிற்று? பயிரைக் காப்பாற்ற வயலைச் சுற்றிக் கூர்மையான முள்கம்பி போட்டார்கள். அதில் கிழிபட்டும், தெருநாய்களிடம் அகப்பட்டும் மான்கள் செத்தன. பக்தியிருக்கிற இடத்திலேயே ராத்திரிக் காவல் இத்தனை கஷ்டம் என்றால், தனியாக ஒரு குடும்பம் என்ன செய்யும்?

சென்னையில் இருக்கிற நமக்கு மான் என்றால் கிண்டிதான். அதுவும் ஒரு காலத்தில் கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்பவரின் சொந்த நிலம். 1821-ல் சர்க்கார் 35,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. ராட்ரிக்ஸ் கைக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. 36-சி பிரிவில் நிலத்துக்கு விலை என்ற பேச்சே கிடையாது. சொந்தக்காரர் மனமுவந்து தருவதுதான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கடலை கொறித்துக்கொண்டே மானைப் பார்க்கிற நாம், அந்தக் கடலை எந்தப் பரணுக்குக் கீழே விளைந்தது என்று யோசித்ததுண்டா? நான் இதுவரை யோசித்ததில்லை.

மறுநாள் காலை மூவருமாகத் திருத்தணிக்குப் போனோம். வருஷத்துக்கு 365 நாள், படியும் 365 என்று கணக்கு. அண்ணா ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏறினார். நூறுக்கு மேல் கணக்குத் தவறிவிட்டது, தூக்கக் கலக்கம். சந்நிதியில் நாத்தனார் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. இறங்கும்போது அவளாகவே, "பொங்கலுக்கு ரெண்டு பொண்ணுங்களும் வராங்க. கேட்டுட்டுச் சொல்றோம், அண்ணி. அதுவரைக்கும் மேட்டுப் பக்கத்து அரை ஏக்கரை வெறுமே விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள்.

"நான் ஒரு மாசமா அதைத்தானே சொல்றேன்" என்றார் அண்ணா.

"நீங்க ஒன்றரை ஏக்கரும்னு சொன்னீங்க."

ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் சமயத்தில் ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் பையை நீட்டினாள். உள்ளே பச்சைக் கடலை, மண் வாசனையோடு.

"அதுங்க தின்னது போக மிச்சம், அண்ணி. போனதும் வேக வச்சுக் குழந்தைங்களுக்குக் கொடுங்க" என்றாள்.