ஆஷ்பர்ன் பார்ட்டி

சேலம் ஜங்ஷன் இருப்பது எங்கள் சூரமங்கலத்தில். சென்னையிலிருந்து கோவைக்கும் கேரளாவுக்கும் போகிற ரயில்களில் பெரும்பாலானவை இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். நடுராத்திரியில் ரயில் நிற்கும். மேல் பெர்த்தில் ஒருவர் புரண்டு படுப்பார். ரயில் கிளம்பிவிடும். அவரையும் 'சூரமங்கலத்துக்கு வருகை தந்தோர்' என்று கணக்கில் சேர்த்தால் எப்படியிருக்கும்? ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் நம்மிடம் பிச்சை வாங்க வேண்டும்!

சிரிக்காதீர்கள். இன்டர்நெட்டில் வெப்சைட்டுக்கு வருகிறவர்களின் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் எழுதப்படுகிறது.

'ஹிட்' என்று ஒரு வார்த்தை. சினிமாக்காரர்கள் சொல்கிற ஹிட் இல்லை. ஒரு பக்கத்தை நீங்கள் திறந்தால் அதிலுள்ள எழுத்து ஒரு ஃபைல். ஒவ்வொரு படமும் தனித்தனி ஃபைல். ஒவ்வொன்றையும் உங்கள் கம்ப்யூட்டர் தனித்தனியே கேட்டு வாங்குகிறது. ஒவ்வொரு கேள்வியும் ஒரு ஹிட். பத்துப் படம் போட்ட பக்கத்தை ஒரே ஆள், ஒரே தடவை பார்த்தால் 11 ஹிட்! டீக்கடைக்கு வந்தவர் டீ, வடை, பேப்பர், குடிக்கத் தண்ணீர் கேட்டார் என்பதற்காக 'நாலு பேர் வந்தார்கள்' என்று எழுதிக்கொள்கிற மாதிரி. நான் பி.காம். படித்தவன். இப்படிப் பேரேடு எழுதியிருந்தால் எங்கள் வாத்தியார் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பார்.

இந்தக் கணக்குவழக்கில் நான் தலையிடக் காரணம், என் நண்பனுக்கு வர வேண்டியிருந்த 9,000 ரூபாய்.

நண்பன் ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பர். சூரமங்கலத்தில் இதைச் சொன்னால், "அது சரி தம்பி, வேலை எங்கே?" என்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் "கம்பெனி பேரு என்னங்க?" என்று கேட்டதற்கு "நான்தாங்க கம்பெனி" என்றான். சம்பந்தம் காபியோடு முடிந்தது.

ஆனால் வேலை தெரிந்தவன். ஜவ்வரிசி மில், கல்யாண மண்டபம், டிராவல்ஸ் என்று பலருக்கும் வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறான். கடைசியாக மாட்டியவர் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை முதலாளி. கூலி 18,000. பாதி அட்வான்ஸ். மீதி? "பார்ட்டி வரட்டும் தம்பி, தந்துடறேன்." சேலம் பக்கம் வியாபாரத்தில் 'பார்ட்டி' என்றால் விருந்து அல்ல, வாடிக்கையாளர்.

முதலாளியின் ஆசைக்காக எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் மீட்டர் ஒன்றையும் நண்பன் வைத்துக் கொடுத்தான். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து போன்.

"தம்பி, தினம் நாப்பது பேர் வர்றாங்க. அதுல முக்காவாசி ஒரே ஊருங்க. ஆஷ்பர்ன்னு அமெரிக்காவுல. ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட வர்றாங்க. அங்கே அப்ப சாயங்காலம்தானுங்களே! அவங்களுக்குன்னு தனி டிசைன் போடலாம்னு இருக்கேன். ரெண்டு கிலோ வெள்ளி எடுக்கணும். வட்டிக்குச் சொல்லி வெச்சாச்சு. வாங்க, உங்க பாக்கியையும் வாங்கிட்டுப் போங்க."

நண்பன் முகம் மலர வேண்டிய நேரத்தில் வெளிறிப்போனது.

ஆஷ்பர்ன் எது தெரியுமா? வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. உலகத்திலேயே டேட்டா சென்டர்கள் மிக நெருக்கமாகக் குவிந்திருக்கிற வட்டாரங்களில் அது ஒன்று. பிரமாண்டமான ஜன்னலில்லாக் கட்டடங்கள், உள்ளே ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டர்கள். அங்கிருந்து புறப்படுகிற ரோபோ புரோகிராம்கள் உலகத்தில் உள்ள வெப்சைட்டுகளை எல்லாம் ஓயாமல் சுற்றி வருகின்றன. சில, தேடுபொறிக்கு அட்டவணை போட. சில, விலையைத் திருட. சில, ஈ-மெயில் முகவரி பொறுக்க. 2023-க்குப் பிறகு ஏ.ஐ. கம்பெனிகளும் தங்கள் ரோபோக்களைத் தெருவில் இறக்கிவிட்டன. ஆஷ்பர்னில் இந்தியக் குடும்பங்களும் நிறையவே உண்டு. ஆனால் நம் முதலாளி வீட்டு வாசலுக்கு வந்தவை, காலே இல்லாத பார்ட்டிகள். கொலுசை எங்கே மாட்டுவது?

எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். "ரொம்ப ஈஸி. ஒரே செகண்டில் எல்லாப் பக்கத்தையும் திறந்து மூடுது. நான் இந்த சைட்டை வேர்ட்பிரஸ்ஸிலேயே செய்யலை. ஆனா அது வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடுது" என்றான். இல்லாத பின்வாசலைத் தட்டிப் பார்க்கிறவன் கொலுசு வாங்க வந்தவனாக இருக்க முடியாது. இம்பெர்வா என்ற பாதுகாப்புக் கம்பெனியின் அறிக்கைப்படி, 2024-ல் இன்டர்நெட் போக்குவரத்தில் 51 சதவிகிதம் மனிதர்களுடையது அல்ல. பஸ்ஸில் பாதி சீட்டுக்கு மேல் பொம்மை!

நண்பனின் சிக்கல் புரிகிறதல்லவா? வாயை மூடிக்கொண்டிருந்தால் 9,000 கைக்கு வரும். அடுத்த வேலையும் வரும். உண்மையைச் சொன்னால், 'பார்ட்டி வரலையே' என்று பாக்கி நின்றுவிடும். அந்த மாத வீட்டு வாடகையே அதில்தான். ஆனால் அவர் வட்டிக்கு வாங்கி வெள்ளி எடுக்கப் போகிறாரே!

"நீ பி.காம்.தானே, சொல்லு" என்றான்.

உடனே சொல்லாமல் ஒரு தம் டீ சொன்னேன்.

எண்ணிக்கை மீது இந்த மோகம் புதிது அல்ல. 1990-களின் வெப்சைட்டுகளில் அடியில், கார் மீட்டர் மாதிரி ஒரு கவுன்ட்டர் ஓடும். பலவற்றில் ஆரம்ப எண்ணை நாமே வைத்துக்கொள்ளலாம். புதுக் கடைக்காரர் முதல் பில்லையே 501 என்று போடுவாரே, அதே டெக்னிக். அந்தக் காலத்தில் தமிழ் தளம் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபான்ட். அது உங்களிடம் இல்லாவிட்டால் திரையில் தமிழுக்குப் பதில் கோழி கிளறின மாதிரி எழுத்துகள் தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழ் என்று தெரியாது. யூனிகோட் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2003 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் முளைத்தன. 2004-ல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கினார். யார் எங்கே என்ன எழுதினாலும் ஒரே இடத்தில் தலைப்புகள் வந்து விழும். உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்களை ஒரே திண்ணையில் உட்கார வைத்த காரியம் அது. அதிலேயே 'சூடான இடுகைகள்' என்று ஒரு பட்டியலும் வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? சூட்டுக்காகவே தலைப்பு வைக்கிற சாமர்த்தியசாலிகளும் வந்தார்கள்.

என்னிடமும் ஒரு வலைப்பதிவு உண்டு. அதில் இரண்டு சோதனை செய்து பார்த்திருந்தேன்.

முதல் சோதனை: கொழுந்துவிட்டெரிகிற தலைப்பு. 'ஆபீஸில் இதைச் செய்தால் சம்பளம் இரட்டிப்பாகும்!' உள்ளே, நேரத்துக்குப் போங்கள் என்று நல்ல புத்தி. கூட்டம் பிய்த்துக்கொண்டது. வந்தவர்கள் சராசரியாகப் பத்து விநாடிகூட நிற்கவில்லை. மானேஜர் ரூமுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிற மாதிரி.

இரண்டாவது: 'சின்னக் கடைக்காரருக்கு ஜி.எஸ்.டி. காம்போசிஷன் திட்டம்'. தலைப்பைப் படித்தாலே கொட்டாவி வரும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் என்னிடம் கேட்டதையெல்லாம் எழுதினேன். ஒன்றரைக் கோடி வரை விற்றுமுதல் உள்ள வியாபாரி 1 சதவிகிதம் வரி கட்டலாம், ஆனால் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது... இப்படி. தினம் பத்திருபது பேருக்கு மேல் வரவில்லை. ஆனால் வந்தவர்கள் கடைசி வரி வரை படித்தார்கள். சந்தேகம் கேட்டு எழுதினார்கள். ஒருவர் அதைப் பிரின்ட் எடுத்துக் கல்லாவுக்கு மேல் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். என் எழுத்தைச் சுவரில் ஒட்டி நான் கேள்விப்பட்டது அது ஒன்றுதான்.

இரண்டிலும் விளம்பர வருமானம்? கூகுளின் ஆட்சென்ஸ் 2003-லேயே வந்துவிட்டாலும் தமிழை அதிகாரபூர்வமாக ஏற்றது 2018 பிப்ரவரியில்தான். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். நம் விளம்பரத்தை நாமே கிளிக் செய்தால் கணக்கை மூடிவிடுவார்கள். ஆகவே அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

டீயைக் குடித்து முடித்துச் சொன்னேன்: "விற்றுமுதல் வேற, லாபம் வேற, கைக்கு வந்த ரொக்கம் வேற. இதை முதல் வருஷத்திலேயே சொல்லித் தர்றாங்க. ஆஷ்பர்ன் விற்றுமுதல்கூட இல்லை, வெறும் காலடிச் சத்தம். சொல்லிடு."

மறுநாள் நண்பன் ரோபோக்களைக் கழித்துவிட்டு ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். துணைக்கு நானும். நாற்பது, ஆறு ஆகியிருந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி இரண்டு தடவை பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா மெஷினுக்கா தம்பி கடை விரிச்சு வெச்சிருந்தேன்?"

"ஆமாங்கண்ணே. ஆனா இந்த ஆறு பேர் நிஜம். ஈரோடு, நாமக்கல், திருப்பூர்..."

உள்ளே பட்டறையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் போனை எடுத்தார். வட்டிக்காரரிடம், "இப்போதைக்கு வேண்டாமுங்க" என்றார். எங்களைப் பார்க்கவில்லை. பாக்கியைப் பற்றிப் பேச்சே இல்லை.

கிளம்பும்போது நண்பன் மீட்டரை எடுத்துவிட்டு, பக்கத்தின் மேலேயே அவர் போன் நம்பரைப் பெரிதாகப் போட்டான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தான். "யார் போன் பண்ணினாலும், 'எங்களை எப்படிங்க தெரியும்?'னு கேட்டு இதுல எழுதுங்கண்ணே." எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. உலகத்தின் மிகப் பழைய அனலிட்டிக்ஸ்!

வாடகையைக் கடன் வாங்கிக் கட்டினான்.

ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். நோட்டில் ஒன்பது பெயர். அதில் ஐந்து பேர் வெப்சைட்டைப் பார்த்துப் பேசியவர்கள். ஈரோட்டுக் கடைக்காரர் ஒருவர் மட்டும் நாற்பது ஜோடிக்கு ஆர்டர் கொடுத்து, அட்வான்ஸும் அனுப்பியிருந்தார்.

முதலாளி கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். நண்பன் எண்ணினான். 8,500.

"அண்ணே, ஐந்நூறு குறையுதுங்களே?"

முதலாளி கல்லாவை மூடிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அது ஆஷ்பர்ன் பார்ட்டிகிட்ட வாங்கிக்குங்க தம்பி!"