படி என்று சொன்னது

சென்ற மாசியில் நாங்கள் நாலு பேர் மாமல்லபுரத்துக் கடலில் முழுகிவிட்டு வந்ததைப் பற்றிய கவிதை ஒன்று இந்த இதழில் வெளிவந்தது. நண்பர்கள் சிலாகித்தார்கள். எனக்கும் பிடித்த கவிதைதான். ஆனால் அதில் கடலுக்கடியில் வரும் படிகள் என் வாயிலிருந்து போனவை என்பதால், அன்று நடந்ததை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

செங்கல்பட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். திருக்கழுக்குன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஏறிக்கொண்டார். கழுகுகள் வருவது நின்றபின் இந்த ஊர் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றார். (எந்த ஊருக்கும் இப்படி ஒரு வாக்கியம் வைத்திருப்பார்.) பையில் ஒரு கட்டு நகல்கள். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குழுவும் 2002 ஏப்ரலில் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே முழுகித் தேடியதன் விவரம். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர்களின் மிச்சம், சதுரமாக வெட்டின கற்கள், ஒரு மேடை, அதற்கு ஏறும் படிகள். பல்லவர் காலமாக இருக்கலாம் என்பது அவர்கள் அனுமானம். ஊர் வரும்வரை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்.

மாசி மகம் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கன்னியம்மனைக் கும்பிட வந்து கடற்கரையில் தங்கிய இருளர்கள் போய்விட்டார்கள். மணலில் அவர்கள் பிடித்து வைத்த படிகளில் ஒன்றிரண்டு காய்ந்த பூவோடு சரியாமல் கிடந்தன. அவற்றைத் தாண்டித்தான் படகுக்குப் போனோம்.

கோயிலைக் கடலிலிருந்து பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை. பெரிய விமானத்தின் சந்நிதி கிழக்குப் பார்த்தது. கரைவழியாக வருகிற நாம் எப்போதும் அதன் முதுகைத்தான் நெருங்குகிறோம். ஐரோப்பிய மாலுமிகள் இவ்விடத்துக்கு ஏழு பகோடாக்கள் என்று பெயர் வைத்தது இந்தப் பக்கமிருந்து. 1772லும் 1776லும் இங்கே வந்த வில்லியம் சேம்பர்ஸின் கட்டுரை 1788இல் அச்சானது. ஊர்க் கிழவர்கள் சொன்னதை அதில் எழுதியிருக்கிறார்: தூரக் கடலில் கோயில் உச்சிகள் தெரிந்தன, செம்பு வேய்ந்தவை, உதயத்தில் மின்னும், இப்போது களிம்பேறிவிட்டதால் மின்னுவதில்லை. மின்னியது யாருடையதோ ஞாபகமாக இருக்கலாம். களிம்பு, அந்த ஞாபகத்தைக் காப்பாற்ற யாரோ பிற்பாடு பூசியது. இந்தியாவையே பார்க்காத ராபர்ட் சௌத்தி 1810இல், 'கெஹாமாவின் சாபம்' என்ற நெடுங்கவிதையில் இதைக் கொண்டுபோய் மூழ்கிய நகரமாக்கிவிட்டார். படகில் இதையெல்லாம் நான் சொல்ல, கவிஞர் குடைந்து குடைந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

படகுக்காரருக்கு ஐம்பதுக்கு மேல். சிங்கி இறாலுக்கும் ஆழிக்கும் சிறு வயதிலிருந்து முழுகுகிறவர். வலை மாட்டுகிற இடம் என்று ஓரிடத்தில் நங்கூரம் போட்டார். எங்களிடம் சிலிண்டர் கிடையாது. நாலு பேருக்கு இரண்டு முகக்கண்ணாடி. "கயித்த மட்டும் வுட்றாத சார்" என்றார்.

முதல் தடவை ஆள் உயரம்கூடப் போயிருக்கமாட்டேன். காதில் ஊசி இறங்கியது. கண்ணாடிக்கு வெளியே பச்சை. பச்சை என்பதுகூடச் சரியில்லை, இலை ஊறின குட்டைத் தண்ணீரின் நிறம். நீட்டின கையின் விரல்கள் தெரியவில்லை. கயிறு ஒரு முழம் தெரிந்து, அப்புறம் இல்லை. எங்கோ எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி விடாத சத்தம்.

மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொள்ளப் படகுக்காரர் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் தடவை கயிற்றைக் கை மாற்றி மாற்றி இறங்கினேன். வலது உள்ளங்கை எதிலோ பட்டது. கரகரப்பு, கூர்மை, அதற்கடியில் கெட்டியாக ஒன்று. ஒரு விளிம்பு. நேரானதா என்று தெரியுமுன் நீர் என்னைத் தூக்கி அப்பால் போட்டது. கயிறு கையில் இல்லை. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. பயம் என்ற வார்த்தைகூட அப்போது என்னிடம் இல்லை. உடம்பு தானாக உதைத்துக்கொண்டு மேலே வந்தது.

படகைப் பிடித்து மூச்சு வாங்கினேன். "என்ன இருக்கு?" என்று கவிஞர் குனிந்தார்.

"படி" என்றேன்.

"எத்தனை?"

"ரெண்டு, மூணு இருக்கும்."

முதல் வார்த்தை, பஸ்ஸில் கேட்டதும் மணலில் பார்த்ததுமாகச் சேர்ந்து, என்னைக் கேட்காமலே வந்தது. எண்ணிக்கை நான் செய்தது.

படகுக்காரர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். நாலு கோடு, ரத்தம். "ஆழி கீசிடுச்சி" என்று கடல் தண்ணீரை அள்ளி ஊற்றினார். நீங்கள் படிகளைப் பார்த்ததில்லையா அண்ணே என்று கேட்டேன்.

"கீழ கல்லு கீது சார். வலய கிழிக்கும். சந்துல சிங்கி எறா பூந்துகினு இருக்கும். கைய வுட்டா நானு எறாவதான் பாப்பேன்."

மொழிபெயர்ப்பாளர் இறங்கவே இல்லை. நாலாவது நண்பர் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். கவிஞர் மூன்று தடவை இறங்கினார், ஒன்றும் தட்டுப்படவில்லை. திரும்பும்போது என் காயத்தை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

கவிதை வந்தபின் அவருக்கு உண்மையை எழுதினேன். அறிக்கையிலேயே படி இருக்கிறதே, கவிதைக்கு இதனால் ஒரு சேதமும் இல்லை என்று பதில் போட்டார். தகவல் அளவில் சரிதான். நான் தொட்டது படியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கவிதையில் ஒரு கை படியைத் தடவி உணர்கிறது. அந்தக் கை யாருடையதும் இல்லை. நம் வட்டத்தில் அனுபவம் என்ற ஒரு சொல்லை வைத்து எத்தனை பேரைத் தள்ளியிருக்கிறோம். நானே இரண்டு மதிப்புரைகளில் செய்திருக்கிறேன். அதில் ஒருவர் பிறகு எழுதவே இல்லை. மேல் கீழ் தெரியாமல் போன அந்தக் கணம் ஒன்றுதான் அன்று நான் மேலே கொண்டுவந்தது. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வரும் மாசியில் மறுபடி வருவதாகப் படகுக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் இந்தத் தடவை இறங்குவதாகச் சொல்கிறார். கவிஞர் வரவில்லை என்று எழுதிவிட்டார்.