தொலைநோக்கி வாங்கப் போகிறீர்களா?



பிள்ளைகள் வாப்பாவிடம் சைக்கிள் கேட்பார்கள், கைப்பேசி கேட்பார்கள். அரிதாக ஒரு பிள்ளை தொலைநோக்கி கேட்கும். அப்படிக் கேட்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் மகிழுங்கள். ஆனால் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் இக்கட்டுரையைச் சற்றுப் பொறுமையுடன் படியுங்கள். தகாத கருவியால் வீணாவது பணம் மட்டுமன்று. ‘வானத்தில் ஒன்றுமே தெரியவில்லை’ என்று ஒருமுறை சலித்துப்போன பிள்ளை, பிறகு அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிடுகிறது. மொட்டை மாடியில் தொலைநோக்கியுடன் பல ஆண்டுகளாக இரவுகளைக் கழித்து வருபவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

சபர் சென்றிருந்த என் மச்சான் தம் மகனுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கி வந்தார். பெட்டியின்மேல் சனிக் கோளின் வண்ணப்படம். அதன் கீழே ‘525 மடங்கு பெரிதாக்கும்’ என்று கொட்டை எழுத்துகள். பையன் ஒரு வாரம் முயன்றான். எதை நோக்கினாலும் மங்கலான ஒரு பொட்டுதான் தெரிந்தது. விரல் பட்டால் அதுவும் ஓடி மறைந்தது. எட்டாம் நாள் கருவி பரண் ஏறியது.

2017 கோடை விடுமுறையில் அதனை இறக்கிப் பார்த்தேன். முன்புற லென்ஸின் விட்டம் 60 மில்லிமீட்டர். குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். குவியத் தூரத்தைக் கண்ணருகு லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது கிடைக்கும். பெட்டியிலிருந்த 4 மி.மீ. லென்ஸைப் போட்டால் 175 மடங்கு. அதனுடன் மும்மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் சேர்த்தால் 525. கணக்கு பொய்யன்று, பயன்தான் பொய். 60 மி.மீ. வழியே நுழையும் சிறிதளவு ஒளியை அத்தனை பெரிதாக விரித்தால் உருவம் இருண்டு கலங்கிவிடும்.

பார்லோவைக் கழற்றி வைத்துவிட்டு 20 மி.மீ. லென்ஸைப் பொருத்தினோம். 35 மடங்குதான். முக்காலி ஆடாதிருக்க அதன் நடுவே மணல் பையொன்றைத் தொங்கவிட்டோம். இரவு பத்து மணியளவில் கிழக்கே சற்று உயர்ந்திருந்த சனிக் கோளுக்கு நேராகக் குழலைத் திருப்பினோம். கடுகளவு உருண்டை, அதைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம். பையன் ஒன்றும் பேசாமல் படியிறங்கி ஓடினான். சிறிது நேரத்தில் அவன் உம்மா, வாப்பா, அண்டை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் மாடியில் வரிசையாக நின்றார்கள்.

ஆகவே, முதல் பாடம் இது: எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள், விட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். வாணியம்பாடிக்கு அப்பால் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1986-இல் பெரிய தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது. அதன் பெருமையைச் சொல்வோர் 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி என்றே சொல்வார்கள். மடங்குக் கணக்கைச் சொல்வதில்லை. விட்டம் இருமடங்கானால் சேரும் ஒளி நான்கு மடங்காகும். இருளில் 7 மி.மீ. விரியும் கண்மணியைவிட 70 மி.மீ. லென்ஸ் நூறு மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. பெரிதாக்கும் அளவுக்கும் எல்லை உண்டு. விட்டத்தின் மில்லிமீட்டர் எண்ணை இரண்டால் பெருக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். 60 மி.மீ. கருவிக்கு 120 மடங்கே உச்சம்.

எதை வாங்குவது? பிள்ளையின் ஆர்வம் நிலைக்குமா என்ற ஐயமிருந்தால் முதலில் ஒரு நல்ல பைனாகுலர் வாங்குங்கள். அதன்மேல் 7×50 என்றோ 10×50 என்றோ இருக்கட்டும். முதல் எண் மடங்கு. இரண்டாம் எண் விட்டம். நிலவின் பள்ளங்களும் கார்த்திகைக் கூட்டமும் அதிலேயே அழகாகத் தெரியும். அடுத்த படியாக 70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி. பராமரிப்பு குறைவு என்பது அதன் சிறப்பு. இன்னும் செலவிட முடிந்தால் 130 அல்லது 150 மி.மீ. விட்டமுள்ள, குழிக்கண்ணாடி வைத்த நியூட்டன் வகை. அதே விலையில் லென்ஸைவிடப் பெரிய கண்ணாடி கிடைக்கும். ஆனால் கண்ணாடிகளை அவ்வப்போது நேர்படுத்த வேண்டிவரும்.

குழலுக்கு இணையான முக்கியத்துவம் அதன் தாங்கிக்கு உண்டு. அமெரிக்காவில் ஜான் டாப்சன் என்பவர் பரப்பிய, மரப்பெட்டி போன்ற எளிய தாங்கியே புதியவர்களுக்கு ஏற்றது. தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைச் சாய்த்து வைக்கும் தாங்கியைக் கடைக்காரர் புகழ்ந்துரைப்பார். சென்னையில் அந்நட்சத்திரம் அடிவானிலிருந்து 13 பாகை உயரத்திலும், காயல்பட்டினத்தில் எட்டரைப் பாகையிலும் இருக்கிறது. மரங்களும் மாடிகளும் அதை மறைத்துவிடும். நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு அவ்வகை வீண் சிரமம்.

துணைக்கருவிகளில் 1.25 அங்குல அளவில் இரண்டு கண்ணருகு லென்ஸ்கள் போதும். 25 மி.மீ. ஒன்று, 10 மி.மீ. ஒன்று, பிளாசில் வகையாயின் நன்று. இலக்கு காட்டும் சிறு குழலைப் பகலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். சூரியனுக்கு எதிர்த்திசையில் தொலைவிலுள்ள ஒரு மினாராவின் உச்சியைப் பெரிய குழலில் நடுவே கொணர்ந்து, சிறு குழலிலும் அதே உச்சி நடுவில் வருமாறு திருகுகளைத் திருப்புங்கள். டார்ச் விளக்கில் சிவப்புத் தாளை ஒட்டினால் இருளுக்குப் பழகிய கண் கூசாது.

இனி நான் சொல்லப்போவதை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டுங்கள். தொலைநோக்கி வழியே சூரியனைப் பார்த்தல் கூடாது. பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பது போல அது விழித்திரையை எரித்துவிடும். விழித்திரைக்கு வலியை உணரும் நரம்பு இல்லாததால், எரிவது எரியும்போது தெரியாது. சில கருவிகளுடன் கண்ணருகு லென்ஸில் திருகும் ‘சூரிய வடிகட்டி’ ஒன்றைத் தருகிறார்கள். வெப்பத்தில் அது வெடித்துவிடக் கூடும். அதை அன்றே குப்பையில் எறியுங்கள். குழலின் முன்வாயை முழுவதும் மூடும், இதற்கென்றே செய்த வடிகட்டிதான் பாதுகாப்பானது. அப்போதும் சிறு குழலை மூடி வையுங்கள்.

இருபத்தொன்பதாம் நாள் மாலையில் பிறை தேடுவோர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். பிறை சூரியனுக்கு அருகிலேயே இருக்கும். சூரியன் அடிவானின்கீழ் முழுமையாக மறைந்த பின்னரே பைனாகுலரையோ தொலைநோக்கியையோ மேற்கே திருப்புங்கள். கருவியால் கண்ட பிறையை ஏற்பதா இல்லையா என்பது ஆலிம்கள் சொல்ல வேண்டியது. கண்ணைக் காப்பது நம் பொறுப்பு.

பராமரிப்புக்கு வருவோம். கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் லென்ஸின் முதற்பகை பூஞ்சைக் காளான். சிலந்தி வலை போலப் படர்ந்து, லென்ஸின் மேற்பூச்சை அது அரித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் லென்ஸ்களை வையுங்கள். நிறம் மாறும் வகையாயின் ஈரம் ஏறியதை அதுவே காட்டிவிடும், உடனே மாற்றுங்கள். பனி படிந்த லென்ஸை மூடியிட்டு வைக்காதீர்கள், முதலில் உலரட்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே மாடிக்குக் கொண்டுவந்தாலும் லென்ஸில் நீர் படியும். அரை மணி நேரம் முன்னதாகவே வெளியில் வையுங்கள்.

துடைப்பதில் அவசரம் வேண்டாம். சிறிது தூசு பார்வையைக் கெடுக்காது. முந்தானையும் கைக்குட்டையும் ஏற்படுத்தும் கீறல்தான் கெடுக்கும். ரப்பர் ஊதுகுழலால் தூசை ஊதுங்கள், பிறகு மென்தூரிகை. எண்ணெய்க்கறை இருந்தால் மட்டும் லென்ஸ் துடைக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, அழுத்தாமல் ஒற்றியெடுங்கள். குழிக்கண்ணாடியின் அலுமினியப் பூச்சு இன்னும் மென்மையானது. அதை ஒருபோதும் உலர்ந்த துணியால் தொடாதீர்கள்.

எந்த இரவில் தொடங்குவது? பலரும் முழுநிலவு நாளைத் தேர்வார்கள். அன்று நிலவில் நிழலே விழாது, பள்ளங்கள் தெரியா. பிறை எட்டு, ஒன்பதில் தொடங்குங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்கள் செதுக்கினாற்போல் நிற்கும். அங்கே 97 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளத்திற்கு அர்சகேல் என்று பெயர். அந்தலூசிய வானியலறிஞர் அஸ்ஸர்காலியின் பெயரே அப்படித் திரிந்தது. அதற்கு அருகிலுள்ள அல்பதேக்னியஸ், அல்பத்தானியின் பெயரைத் தாங்குகிறது. நிலவில்லாத குளிர்கால இரவில் ஆந்திரமீடா மண்டலத்தைத் தேடுங்கள். 964-ஆம் ஆண்டளவில் எழுதிய தம் நூலில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி ‘சிறு மேகம்’ எனக் குறித்தது அதைத்தான். தொலைநோக்கியே இல்லாத காலத்தில், வெறுங்கண்ணால் பொறுமையுடன் பார்த்து அவர் அதனைப் பதிவு செய்தார்.

அந்தப் பொறுமை கடையில் கிடைக்காது. முதல் மாதம் பிள்ளையுடன் நீங்களும் மாடியில் உட்காருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டு, முதலில் அவர்களுக்கே காட்டச் சொல்லுங்கள். பிறருக்குக் காட்டப் பழகிய பிள்ளையின் கருவி, இன்ஷா அல்லாஹ், பரண் ஏறாது.